எறும்பு மட்டும் வந்த நாள்

ஒரு படத்துக்கு இருநூற்றைம்பது ரூபா.
மாதக் கடைசியில் வவுச்சர் எழுதி
செபரத்தினம் அண்ணையின் கண்ணாடிக் கூட்டுக்குள் நீட்டவேணும்.
அவர் ஒவ்வொரு நாள் பேப்பரையும் விரித்து
மூன்றாம் பக்க மேல்மூலையில் விரலை வைத்து எண்ணுவார்,
சந்தையில் பனங்கிழங்கு எண்ணுமாப்போல.

இருபத்தைந்து எண்டு நான் எழுதியிருந்தேன்.
இருபத்துநாலு எண்டார் அவர்.

அந்த ஒண்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பாதை பூட்டின வருசம்.
சீனி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை,
பேப்பருக்கே பேப்பர் இல்லை.
என் பெட்டி ஐந்து விரலிலிருந்து மூன்று விரலுக்கு ஒடுங்கிற்று.
மூக்குக்கு இடமில்லை.
இடமிருந்தாலும்
இந்த ஊரில் மூக்குக் கீறுவது லேசில்லை.
கட்டை மூக்கெண்டால் ஒரு சங்கத் தலைவர் வருவார்,
நீள மூக்கெண்டால் ஒரு அதிபர்.
துவக்கு வைத்திருந்த ஒருவருக்கும்
நான் மூக்கே வைத்ததில்லை.
எல்லாரையும் முதுகுப் பக்கமாய்க் கீறினேன்.
எவனுக்கும் தன் முதுகு தெரியாது,
அதுதான் என் தொழில் இரகசியம்.

பெயரும் போடுவதில்லை.
கீழ்மூலையில் ஒரு எறும்பு.
பக்கம் கட்டுகிற நிரஞ்சலா
பெட்டிக் கோட்டோடு அதையும் சேர்த்து
கொம்பியூட்டரில் நிரந்தரமாய் வைத்திருந்தாள்.

அன்றைய படம்:
சங்கக்கடைக்கு முன் ஒரு வரிசை.
வளைந்து, கோயிலைச் சுற்றி, ஒழுங்கைக்குள் இறங்கி,
பின்கதவால் அதே கடைக்குள் நுழைகிறது.
வால் நுனியில்
கடை மனேச்சரே கூப்பனோடு நிற்கிறார்.
ஓரமாய் ஒரு சிப்பாய், முதுகு மட்டும்.

நல்லாய் வந்திருந்தது.
நல்லாய் வந்த படம் எனக்குத் தெரியும்,
கீறி முடியப் பசிக்கும்.

பின்னேரம் நாலரை. கொக்குவிலிலிருந்து சைக்கிள்.
தட்டாதெருச் சந்தியில் மறித்தார்கள்.
ஐசி. பை. பைக்குள் மட்டை. மட்டைக்குள் படம்.
பெடியன், மீசை சரியாய் முளைக்கவில்லை.
தலைகீழாய்ப் பிடித்தான், திருப்பினான்,
வரிசையை விரலால் தொட்டுக்கொண்டு போனான்,
கோயிலைச் சுற்றினான்,
பின்கதவில் நின்றான்,
சிரித்தான்.

பிறகு முதுகைக் கண்டான்.

மற்றவனைக் கூப்பிட்டான்.
அவன் இவனைத் திரும்பி நிற்கச் சொல்லி
இவன் முதுகையும் படத்தையும்
மாறி மாறிப் பார்த்தான்.
எனக்குத் தெரிந்த சிங்களம் மூன்று சொல்.
மூன்றும் அந்த நேரம் வரவில்லை.

மற்றவன் வெடித்துச் சிரித்தான். பிறகு இவனும்.
படத்தை நாலாய் மடித்து
சட்டைப் பைக்குள் வைத்து, பொத்தானைப் பூட்டி,
போ எண்டு கையைக் காட்டினான்.

ஏழு மணிக்கு ஊரடங்கு. திரும்பக் கீற நேரமில்லை.
கை நடுங்கினது எண்டதையும் எழுதத்தான் வேணும்.
கந்தோருக்குச் சொல்ல லைன் கிடைக்கவில்லை.
வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

விடிய, மூன்றாம் பக்கத்தில் வெள்ளைப் பெட்டி.
மூலையில் எறும்பு.

போன் ஓயவில்லை எண்டார் ஆசிரியர்.
தணிக்கைக்கு நல்ல சாட்டையடி எண்டாராம் ஒரு வாத்தியார்.
சுன்னாகத்திலிருந்து ஒருவர்:
"வெறும் சீனிப் போத்தல், எறும்புக்கும் ஏமாற்றம், அருமை!"
பெயர் சொல்லாத ஒரு குரல்:
"அந்த எறும்பு ஆர்?"

ஆசிரியர் என் முதுகில் தட்டினார்.
நான் வாய் திறக்கவில்லை.

அதே படத்தைப் பேந்து ஐந்து தரம் கீறிப் பார்த்தேன்.
வரிசை வந்தது. மனேச்சரும் வந்தார்.
அந்த முதுகு வரவில்லை;
முன்பக்கம் எப்படியிருக்கும் எண்டு
எனக்கு இப்போது தெரிந்துவிட்டது.

செபரத்தினம் அண்ணை கண்ணாடியை மூக்கில் இறக்கி
வெள்ளைப் பெட்டியை உற்றுப் பார்த்தார்.
எறும்பை விரலால் சுண்டிவிடப் பார்த்தார்.
அது போகவில்லை.

"இதில ஒண்டுமில்லையே, தம்பி."

யாழ்ப்பாணத்தில் அதைச் சரியாய் வாசித்தவர்
அவர் ஒருவர்தான்.
ஆறாயிரம் தந்தார்.
எண்ணாமல் வாங்கினேன்.